பட்டாபிராமில் இறங்காத விமானம்

நான் பார்த்த இறங்குபாதைகளிலேயே மறக்க முடியாதது பட்டாபிராம். அங்கே விமான நிலையம் இல்லையே என்பீர்கள். இல்லைதான்.

எங்கள் பழைய விமானிகள் சங்கத்து ஆண்டு மலருக்காக, இப்போது பறந்துகொண்டிருக்கும் இளம் விமானி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், சீனியர்ஸ் எல்லார்கிட்டயும் அவங்க மறக்க முடியாத லேண்டிங் பத்திக் கேக்குறோம். லடாக்ல லே வந்துடுச்சு, லட்சத்தீவுல அகத்தி வந்துடுச்சு, போர்ட் பிளேர் பத்தி மூணு பேர் எழுதிட்டாங்க. நீங்க வேற ஏதாவது அழகான இடமா எழுதுங்க. போட்டோ இருந்தா இன்னும் நல்லது" என்றார். போட்டோ இல்லை. அழகுக்கும் நான் பொறுப்பில்லை. இதில் வருகிற மற்ற மூன்று பேரும் காலமாகிவிட்டார்கள். அவர்கள் இருந்தவரை இதை எழுத எனக்கு வழியில்லை. இப்போது இருக்கிறது, எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்து பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். எங்களுக்குப் பட்டாபிராம் பக்கம் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் அடித்த வரிசை வீடுகள், நடுவில் வெள்ளையாக ஓர் உயரமான தண்ணீர்த் தொட்டி, கடைசி வரிசைக்குப் பின்னால் முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், உலக யுத்தத்தின்போது போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன ஒரு பழைய ஓடுதளம் கிடந்தது. வேலி அங்கங்கே அறுந்திருக்கும். என் அக்கா பேச்சியம்மாள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, நான் சைக்கிள் பழகியது அந்த ஓடுதளத்தின் மேல்தான். பிற்பாடு தொழிற்சாலைக்காரர்கள் வேலியை ஒழுங்காகப் போட்டு, உள்ளே கனரக வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் இடமாக அதை மாற்றிக்கொண்டார்கள்.

மாநிலத்தின் உதவித்தொகை கிடைத்து மீனம்பாக்கத்துப் பறக்கும் கழகத்தில் கற்றேன். மழைக்காலத்தில் பாதி நாள் பறக்க விடமாட்டார்கள். கொட்டகையில் உட்கார்ந்து ஆங்கிலப் புத்தகத்தை மனப்பாடம் செய்வேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா அந்த உத்தரவைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய்ப் பட்டறை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். மறு வருஷம் இறந்துபோனார். மிச்சத்தைப் பார்க்காமல் போனது அவருடைய அதிர்ஷ்டம்.

எனக்குக் கிடைத்தது ஆவ்ரோ. இரண்டு இறக்கை விசிறிகளோடு, நாற்பது சொச்சம் பேரை ஏற்றிக்கொண்டு குறைந்த உயரத்தில் பறக்கும் விமானம். அதனால் ஊரெல்லாம் நன்றாகத் தெரியும். பழைய கொச்சியில் இறங்கும்போது கப்பல்களின் கொடிமரங்களைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே தண்ணீரின் மேல் தாழ்ந்து வருவோம். மங்களூரில் கடலை விட்டு உள்ளே திரும்பினால் சிவப்பு ஓட்டு வீடுகள், பாக்குத் தோட்டங்கள், ஒரு பள்ளத்தாக்கு. அதைத் தாண்டியதும் மலையின் தலையைச் சீவி வைத்ததுபோல ஓடுதளம் முகத்துக்கு நேரே வரும். இதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் அழகு என்பார்கள். எங்களுக்கு அது அழகு அல்ல, அடையாளம். இந்தத் தோப்பு தாண்டும்போது இவ்வளவு உயரம், அந்தக் கோயில் கோபுரம் வரும்போது சக்கரம் இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்கு. அடையாளம் தப்பினால் எங்கேயோ தப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே கேப்டன் தாமோதரன்தான்.

அவர் அடையாறுக்காரர். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. விமானி அறைக்குள் வந்ததும் உட்காரமாட்டார். முதலில் கைக்குட்டையை எடுத்து, தன் பக்கத்துக் கருவிகளின் கண்ணாடியை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பிறகு அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் இருக்கையில் சாய்வார். அவர் குரலைக் கேட்பதற்காகவே அவருடைய விமானத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு. இறங்கப்போகும் நேரத்தில் ஒலிபெருக்கியில், இடது பக்கம் பாருங்கள் திருமலை, வலது பக்கம் பாருங்கள் இந்த ஏரி என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே வருவார். வெளிநாட்டு விமானங்களும் ஓட்டியவர். பயிற்சி வகுப்பில் ஹாங்காங்கைப் பற்றி அவர் பேசினால் நாங்கள் மூச்சுவிட மாட்டோம். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே விமானத்தைச் சாய்த்துத் திருப்புவதை இரண்டு உள்ளங்கையால் காட்டுவார். "மாடியில காயப்போட்ட துணி என்ன கலர்னு சொல்லலாம்" என்பார். லே, ஸ்ரீநகர், காட்மாண்டு என்று வரிசையாக அவரிடம் பத்து இறங்குபாதைகள் இருந்தன. எங்களில் பலருக்கு அந்தப் பத்தும் அவர் வாயால் கேட்டே மனப்பாடம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் எங்களைப் பரிசோதிக்கும் அதிகாரம் உள்ள கேப்டன். பறந்துகொண்டிருக்கும்போது, வேண்டுமென்றே சின்னச் சின்னத் தப்பு செய்வார். ரேடியோவில் தவறான எண்ணைத் திருப்பி வைப்பார். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விடுவார். பக்கத்தில் இருப்பவன் கவனித்துச் சொன்னால், "குட்" என்று ஒரே சொல். சொல்லாவிட்டால் அப்போது ஒன்றும் பேசமாட்டார். வருஷக் கடைசியில் மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் அது இருக்கும். இதனால் ஒரு விஷயம் நடந்தது. அவர் தப்பே செய்தாலும், அது தப்பா சோதனையா என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. எங்களுக்கு அது அப்போது வேடிக்கையாக இருந்தது.

துணை விமானிக்கு என்று ஒரு விதி உண்டு. ஆபத்தென்று தெரிந்தால் கேப்டனிடம் ஒருமுறை சொல். கேட்கவில்லையா, இரண்டாம் முறை அழுத்திச் சொல். அதற்கும் மேல் விட்டால் விமானம் போய்விடும் என்றால் நீயே எடுத்துக்கொள். வகுப்பில் இதை எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்வார்கள். படித்தவர்கள் எல்லாரும் அதை மறந்துவிடுவதுதான் வழக்கம் என்பது எனக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் ஒரு தீபாவளி கழிந்த வாரம். திருப்பதியிலிருந்து மெட்ராஸுக்குப் பிற்பகல் விமானம். கேப்டன் தாமோதரன் இடது இருக்கையில், நான் வலது இருக்கையில். நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் கருவி எங்கள் விமானத்தில் காலையிலிருந்தே வேலை செய்யவில்லை. அது இல்லாமலும் பறக்க அனுமதி உண்டு. "திருப்பதிக்கும் மெட்ராஸுக்கும் நடுவுல வழி தெரியாமலா போயிடும்?" என்று கேப்டன் கையெழுத்துப் போட்டார்.

மீனம்பாக்கத்தில் மழை. காற்று தென்கிழக்கிலிருந்து அடித்ததால், வடமேற்கிலிருந்து வந்து சின்ன ஓடுதளத்தில் இறங்கச் சொன்னார்கள். அது என் ஊர்ப் பாதை. திருவள்ளூரைத் தாண்டினால் பட்டாபிராம், ஆவடி, பருத்திப்பட்டு ஏரி, திருவேற்காடு, பூந்தமல்லி, போரூர் ஏரி, அப்புறம் மீனம்பாக்கம். மழை விட்ட வெயிலில் அந்தப் பாதையைப் பார்க்க வேண்டும். வயல் எது ஏரி எது என்று பிரிக்க முடியாது. கரைகள் மட்டும் கோடுகோடாகத் தெரியும். ஹாங்காங் என்ன ஹாங்காங் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். கேப்டனுடைய பத்தில் அது இல்லை.

அன்று வெயில் இல்லை. மேகத்துக்குள்ளேயே தாழ்ந்து வந்தோம். திடீரென்று மேகம் பிளந்தது. நேர் முன்னால், மழையில் நனைந்து பளபளவென்று ஓர் ஓடுதளம்.

"ரன்வே இன் சைட்" என்றார் கேப்டன். ரேடியோவிலும் சொன்னார். இறங்கலாம் என்று பதில் வந்தது. சக்கரத்தை இறக்கச் சொன்னார். இறக்கினேன்.

இறக்கிவிட்டு இடது பக்கம் போரூர் ஏரியைத் தேடினேன். இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றி மஞ்சள் வீடுகள் வரிசையாக. கடைசி வரிசையில் மூலை வீடு நான் பிறந்த வீடு. அடுத்த தெருவில் என் அக்கா குடியிருக்கும் வீடு.

"சார், இது மீனம்பாக்கம் இல்ல. இது ஆவடி."

"ரயில் லைன் தெரியுதா, இல்லையா? பக்கத்துல ரோடு தெரியுதா? அப்புறம் என்ன?"

"அது அரக்கோணம் லைன் சார். அந்தத் தண்ணி டேங்க் எங்க குவார்ட்டர்ஸ் டேங்க். இந்த ரன்வே எப்பவோ கைவிட்டது."

"ஃபுல் ஃப்ளாப்" என்றார் அவர், நான் பேசாததுபோல.

நான் செய்யவில்லை. அவரே கையை நீட்டி, இறக்கை மடல்களை இறக்கும் நெம்புகோலைத் தள்ளினார். விமானம் வேகம் குறைந்து மூக்கைத் தாழ்த்தியது.

"சார், கோ அரவுண்டு! மேல எடுங்க!"

அவர் முகத்தைப் பார்த்தேன். சோதனை செய்யும்போது அவர் உதட்டோரத்தில் ஓர் இளக்காரச் சிரிப்பு இருக்கும். அது இல்லை. கண் ஓடுதளத்திலேயே குத்தி நின்றது. இறங்குகிறவனின் முகம் அது.

ஓடுதளத்தின் நடுவில் பச்சை நிறத்தில் மூன்று பெரிய வண்டிகள் நின்றன. ஒன்றின் மேல் இருந்த ஆள் எதையோ கழற்றி வீசி வீசி ஆட்டினான். இன்னும் இரண்டு பேர் குதித்து ஓடினார்கள். ஒருவன் குப்புறப் படுத்துவிட்டான்.

நான் என் கையை அவர் கையின் மேல் வைத்து, இரண்டு இஞ்சினின் விசையையும் முழுக்க முன்னால் தள்ளினேன். "கண்ட்ரோல் என்கிட்ட!" என்று கத்தினேன். அவர் கை ஒரு கணம் எதிர்த்தது. பிறகு வழுக்கிக்கொண்டு விலகியது. அவ்வளவு வியர்த்திருந்தது. விமானம் உடனே ஏறவில்லை. அதிர்ந்து, இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, அப்புறம்தான் மூக்கைத் தூக்கியது. பச்சை வண்டிகள் எங்களுக்கு அடியில் காணாமல் போயின. குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிகள் ஓடின.

மேகத்துக்குள் போனதும் கேப்டன், "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்றார். சாதாரணக் குரல். கொடுத்தேன். சுற்றிக்கொண்டு வந்து மீனம்பாக்கத்தில் இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாத மாதிரி ஓர் இறக்கம். ஓடுதளத்தில் வேறு விமானம் இருந்ததால் சற்றுத் தாமதம் என்று பயணிகளிடம் சொன்னார். இறங்கிப் போகும்போது ஒரு பெரியவர் அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

எங்களை வீட்டில் விடும் வேனில் நான், "சார், ரிப்போர்ட் எழுதணும்" என்றேன்.

"எழுதலாம், எழுதலாம். ரொம்பப் பதறிப்போயிருக்கீங்க மிஸ்டர் ராஜ். வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூங்குங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குப் போனபோது அவருடைய அறிக்கை மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பழைய ஓடுதளத்தை அவர் முதலிலேயே கண்டுகொண்டாராம். துணை விமானி கண்டுபிடிக்கிறானா என்று பார்ப்பதற்காக, பாதுகாப்பான உயரத்தில், வேண்டுமென்றே அதை நோக்கிச் சற்றுத் தாழ்ந்தாராம். துணை விமானி பீதியடைந்து, உத்தரவில்லாமல் கட்டுப்பாட்டைப் பறித்து, விமானத்தை ஆபத்துக்கு உள்ளாக்கினானாம். என்னைப் பறக்கும் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா அம்பத்தூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு வந்தார். நசரத்பேட்டை விவசாயக் குடும்பம். தொழிற்சாலையில் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பிரிவில் வேலை. வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சிரித்தார்.

"மச்சான், அன்னைக்கு மழ உட்ட நேரத்துல எங்க தலை மேலயே ஒரு பிளேன் வந்துச்சுப்பா. எவனோ குடிச்சிட்டு ஓட்டினு வந்திருப்பான் போல. நான் வண்டி மேல நின்னுக்கினு தொப்பிய கழட்டி ஆட்றேன், ஆட்றேன், அவன் பாட்டுக்கு வந்துகினே கீறான். கூட இருந்தவன் கீழ படுத்துட்டான். அடில சக்கரம் சுத்தறது தெரிஞ்சுச்சு மச்சான். ஒரு பனமரம் ஒசரம் கூட இல்ல. அப்புறம் இன்னா நெனச்சானோ, சர்ருனு மேல தூக்கிட்டான். காத்துல தொப்பியே பறந்துட்ச்சு."

"மாமா, அதுல நான் இருந்தேன்."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு மெதுவாக, "இத பேச்சிகிட்ட சொல்லாத. அங்க இன்னா வண்டி ஓட்றோம், எப்ப ஓட்றோம்னு ஊட்ல கூட பேசக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக் கீறாங்க. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவர்களில் இருவர் கேப்டன் தாமோதரனிடம் பயிற்சி பெற்றவர்கள். எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: எவ்வளவு உயரம்? ஐந்நூறு அடிக்குக் கீழே போகவே இல்லை என்றார் கேப்டன். நூறு அடிகூட இல்லை என்றேன் நான். ஐந்நூறு என்றால் அது சோதனை. நூறு என்றால் அது கொலை. உயரத்தைப் பதிவுசெய்யும் கருவியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அந்த விமானம் அதற்குள் பலமுறை பறந்துவிட்டது, அந்தப் பகுதி தெளிவாக இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மழைத் திரையில் மீனம்பாக்கத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்திருக்கவே முடியாது.

"கீழே இருந்து பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று தலைவர் கேட்டார்.

"இருக்காங்க சார். கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

பட்டாபிராம் ஸ்டேஷனில் மாமாவின் ஷிப்ட் முடிவதற்காகக் காத்திருந்தேன். ஷிப்ட் முடிந்த கூட்டம் ரயிலேறிப் போனபிறகு இருவரும் பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்து சொன்னா, நீ அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு கேப்பானுங்க இல்ல?"

"கேப்பாங்க மாமா."

"எந்த வண்டி, எத்தினி பேருன்னு கேப்பானுங்க. அது வெளில வந்தா எங்க ஆபீஸர் என்ன சும்மா உடுவானா? கையெழுத்து போட்டு குத்துக் கீறேன் மச்சான். வேல போவும். உள்ள வச்சாலும் வச்சிடுவானுங்க."

"உங்க ஆபீஸர்கிட்டயே முதல்ல கேட்டுப் பாருங்களேன். அனுமதி குடுத்தாலும் குடுப்பாங்க."

"கேட்டா மட்டும்? எவன் வாய தொறந்தான்னு என்னத்தான் பாப்பானுங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு பொண்ணு கீது. பையன் இப்பதான் ஒண்ணாவது சேந்துக் கீறான். குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொன்னா உங்க அக்கா எங்க போவா, சொல்லு."

"மாமா, நான் தள்ளாம இருந்தா நீங்க இன்னிக்கு இந்தப் பெஞ்சுல உட்கார்ந்திருக்க மாட்டீங்க."

"தெரியும்பா. எனக்குத் தெரியாதா?" என்றார். அடுத்த ரயில் வந்தது. எழுந்து, "மன்னிச்சிடு மச்சான்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

விசாரணையில் சாட்சி யாரும் இல்லை என்று சொன்னேன். தலைவர் மோசமானவர் அல்ல. தனியாகக் கூப்பிட்டு, "பதறிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி. ஆறு மாசத்துல மறுபடி பறக்கலாம். நாளைக்கு கேப்டனாவும் ஆகலாம்" என்றார். பதறவில்லை சார் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். பறப்பதற்கு ஏற்ற மனநிலை இல்லை என்று எழுதி என்னைத் தரைப் பணிக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு ஒருநாளும் நான் விமானம் ஓட்டவில்லை.

நடந்துபோன விபத்து என்றால் உடைந்த துண்டுகள் இருக்கும், படம் இருக்கும், அழுவதற்கு ஆள் இருப்பார்கள். நடக்காமல் தடுத்ததற்கு என்ன இருக்கிறது? அத்தனை பயணிகளும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விமானம் இன்றைக்குக் கொஞ்சம் லேட் என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான்.

அக்காவுக்குத் தெரிந்தது, தம்பி மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையைக் கெடுத்துக்கொண்டான் என்பதுதான். "ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டா கொறஞ்சா போயிடுவ? அப்பா எவ்ளோ ஆசப்பட்டாரு" என்று வந்தபோதெல்லாம் அழுதாள். பிறகு அழுவதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டதற்கும் என் திமிர்தான் காரணம் என்றாள். மாமா பக்கத்திலேயே இருப்பார். செய்தித்தாளைப் புரட்டுவார், பேட்டரி போட்ட ரேடியோவைத் திருகுவார். நான் செய்துகொடுத்த சத்தியத்தை அவர் நம்பியதுபோல என்னை வேறு யாரும் நம்பியதில்லை.

தொண்ணூறுகளில் என்னைப் பயிற்சி மையத்துக்கு மாற்றினார்கள். வகுப்பு அட்டவணை போடுவது, புத்தகம் கொடுப்பது, பேச வருகிறவர்களுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டுவது என் வேலை. தனியார் விமானங்கள் வந்த சமயம். இளம் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். ஒருநாள் சிறப்புப் பேச்சாளராகக் கேப்டன் தாமோதரன் வந்தார். ஓய்வுபெற்று, தலை முழுக்க நரைத்து, முன்னைவிட இன்னும் கம்பீரமாக இருந்தார். மேஜைக்கு வந்ததும் கைக்குட்டையால் மைக்கைத் துடைத்தார்.

அறையை இருட்டாக்கினேன். லே போட்டேன், காட்மாண்டு போட்டேன், ஹாங்காங் போட்டேன். உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். அதே துணி, அதே கலர். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பிறகு அவர், "ஆனா என் வாழ்க்கையிலேயே மறக்க முடியாத அப்ரோச் இதெல்லாம் இல்லை. நம்ம மெட்ராஸ்தான்" என்று ஆரம்பித்தார்.

மழை, மேகம், கெட்டுப்போன கருவி, நனைந்த ஓடுதளம். எல்லாம் சரியாகச் சொன்னார். ஆள் மட்டும் மாறியிருந்தது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது துணை விமானி. தவறான ஓடுதளத்தை நோக்கி இறங்கியது துணை விமானி. இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை. மூன்றாவது முறை கேப்டனே கையை வைத்து விசையைத் தள்ளினார்.

முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். "அது வேற ரன்வேன்னு நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு வெள்ளைத் தண்ணி டேங்க் இருந்தது. சுத்தி மஞ்சள் குவார்ட்டர்ஸ். நான் சொன்னேன்: இது மீனம்பாக்கம் இல்லப்பா, இது ஆவடி. அது அரக்கோணம் லைன்."

என் வார்த்தைகள். ஒன்றுகூடக் குறையவில்லை.

நான் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அதன் வெளிச்சம் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. தெரிந்ததை நான் பார்த்தேன். ஒரு சின்ன அதிர்ச்சியாவது, கூச்சமாவது அந்த முகத்தில் வரும் என்று காத்திருந்தேன். அவர் இத்தனை வருஷத்தில் அந்தக் கதையைப் பலருக்குச் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டாரோ என்னவோ. "நெக்ஸ்ட் ஸ்லைட், ப்ளீஸ்" என்றார்.

எல்லாரும் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்லைடு போடுகிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? சாட்சி எங்கே என்பார்கள். அடுத்த படத்தைப் போட்டேன். ஸ்ரீநகர்.

சில வருஷங்களில் அவர் இறந்துபோனார். செய்தித்தாளில் கால் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். பயிற்சி மையத்தில் அவர் படத்தை மாட்டினார்கள். ஆணி அடித்தது நான்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஏகாம்பரம் மாமா ஓய்வுபெற்றார். திருவேற்காட்டில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற மறுவாரம், தொழிற்சாலையில் போட்ட சால்வையோடு என்னிடம் வந்தார்.

"எல்லாம் முடிஞ்சிட்ச்சு மச்சான். பி.எஃப். கைக்கு வந்துட்ச்சு. அந்த வண்டிங்களும் இப்ப இல்ல, காயலாங்கடைக்குப் போட்டாங்க. இனிமே என்ன எவன் இன்னா பண்ணப்போறான்? சொல்றேன். எந்த ஆபீஸ்ல வேணா வந்து சொல்றேன். யார்கிட்ட சொல்லணும், நீ காட்டு."

யாரைக் காட்டுவது? விசாரணைத் தலைவர் எங்கே போனார் என்று தெரியாது. கேப்டன் சுவரில் தொங்கினார். எனக்கு வயது போய்விட்டது. இனி என்னை யாரும் விமானி அறைக்குள் விடப்போவதில்லை. யோசித்துப் பார்த்தேன். ஒரே ஓர் ஆள்தான் மிச்சம்.

"அக்காகிட்ட சொல்லுங்க மாமா" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் போனார். "பேச்சிகிட்டயா?"

"ஆமா."

"இத்தினி வருஷம் கழிச்சா? உன்ன அவ்ளோ திட்டிக்கினு இருந்தாளே, அப்பல்லாம் நான் பக்கத்துல தான குந்தினு இருந்தேன். இப்பப் போயி, உன் தம்பிதான் என்ன காப்பாத்துனான், நான்தான் வாய தொறக்கலன்னு சொன்னா, அவ என்ன இன்னான்னு நெனப்பா?"

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பாக்கறேன் மச்சான். நேரம் பாத்து சொல்றேன்" என்று கிளம்பினார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா பையன் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். கையைக் காக்கும் தடுப்புத் தகடு இல்லாத பிரஸ் மெஷினில் வேலை செய்யமாட்டேன், கை போய்விடும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி, அது சண்டையாகியிருந்தது. இலையில் உட்கார்ந்துகொண்டு அதை எங்களிடம் சொன்னான். அக்கா ரசச் சட்டியோடு நின்றாள்.

"நீ இன்னா பெரிய இவனா? மேல கீறவங்க சொன்னா செய்ய வேண்டியதுதான். எதுத்துக்கினு நின்னு இன்னா கண்டுட்டாரு உங்க மாமா? பிளேன் ஓட்டிக்கினு இருந்தாரு. கடைசில பசங்களுக்குப் படம் காட்டிக்கினு கீறாரு. அந்த கதி ஒனக்கும் வேணுமா?"

பையன் தர்மசங்கடமாக என்னைப் பார்த்தான். நான் ஏகாம்பரம் மாமாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. அக்காகூட, அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று திரும்பினாள்.

"ரசம் ஊத்து பேச்சி" என்றார்.

அக்கா ஊற்றினாள்.